ஷமீமா என் பொடியைப் புகழ்ந்த காலம்

அச்சரப்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. திரையில் ஷமீமாவின் பெயர். எடுத்ததும், "இன்னா, இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன். பேசியது அவள் மகள். விடியற்காலைத் தொழுகை நேரத்தில் அம்மா போய்விட்டார், மதியத்துக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள் என்றாள். வழக்கமாக வாங்கும் ஒரு கடைக்குக் கொடுக்க எடுத்துவந்த வேர்க்கடலைப் பொடிப் பையோடு அப்படியே செய்யூர் பேருந்தில் ஏறிவிட்டேன்.

செய்யூரில் தம்ரூட் செய்து விற்ற ஷமீமாவை, நம் மகளிர் விற்பனைக் கண்காட்சிகளில் என்னோடு மேசை போட்ட உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரவை, பால், முட்டை, நெய் எல்லாம் சேர்த்து அவள் சுட்டெடுக்கும் அந்த இனிப்பைத் தின்னாதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். உங்களில் பலருக்கு அவள் அக்கா. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, அதனால் 'அவள்' என்றுதான் என்னால் எழுத முடியும். 'அவர்' என்று எழுதினால் யாரைச் சொல்கிறாய் என்று அவளே கேட்பாள்.

நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது மாமல்லபுரத்தில், பந்தல் போட்டு நடந்த ஒரு கண்காட்சியில். எனக்கு அதுதான் முதல் கண்காட்சி. வேர்க்கடலைப் பொடி பாக்கெட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு அதன் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் ஒன்றைக் கையில் எடுத்து, நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். "ஏதோ செஞ்சிருக்கேங்க, சாப்ட்டுப் பாருங்க" என்பேன். எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மதியம் வரை ஒன்றும் போகவில்லை.

என் தப்பு என்ன என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படித்தானே சொல்வோம்? பத்து வகை சமைத்து வைத்துவிட்டு, ஏதோ இருக்கிறதைச் சாப்பிடுங்கள் என்போம். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டவர்தான் சொல்ல வேண்டும். சமைத்தவளே சொன்னால் அவளுக்கு வாய் அதிகம் என்று பெயர். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு விற்க வந்திருந்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த ஷமீமா ஒரு சிட்டிகை பொடியைக் கேட்டு வாங்கி வாயில் போட்டாள். அடுத்து வந்த ஒரு அம்மாவிடம், "இத்த சுடு சோத்துல போட்டு நெய் வுட்டுப் பெசஞ்சி பாருங்க, அப்பறம் கொழம்பே கேக்க மாட்டீங்க" என்றாள். அந்த அம்மா உடனே வாங்கிக்கொண்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நானும் எழுந்து அவளுடைய தம்ரூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவள் மேசையிலும் அதுவரை ஒன்றும் நகரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவளும் என்னைப் போல 'ஏதோ' கட்சிதான். சாயங்காலம் இரண்டு பேரும் காலிப் பைகளோடு பேருந்து ஏறினோம்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் தொழில்முறை ஆகிவிட்டது. என் பொடியை அவள் புகழ்வாள், அவள் தம்ரூட்டை நான் புகழ்வேன். எங்கள் இரண்டு மேசைகளும் எப்போதும் ஒட்டியே இருந்ததற்கு இதுதான் காரணம். நட்பு என்று நீங்கள் நினைத்தீர்கள். நட்பும்தான்.

ஒருமுறை திருவிடந்தைப் பக்கம் ஒரு விடுதியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். தங்க வருகிறவர்களுக்கு உள்ளூர்ப் பண்டம் வைக்க வேண்டுமாம். ஆனால் ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நான் போய், வீட்டில் ஏதோ செய்வது சார் என்று இழுத்தேன். ஒரு காபி குடிக்கிற நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டேன். அவள் என்னைவிடச் சீக்கிரமாக வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நம்ம சரக்குக்கு நம்மளே வாயத் தொறக்கலன்னா, நம்ம வூட்ட வுட்டு வெளில வந்ததே வேஸ்ட்டு, கன்னிமா" என்றாள்.

சொன்னதைச் செய்கிறவள் அவள். அடுத்த கண்காட்சியில், இன்றைக்கு என் பண்டத்தைப் பற்றி நீ பேசக் கூடாது என்று எனக்குக் கட்டளை போட்டுவிட்டு எழுந்து நின்றாள். வந்தவரிடம், "இது நா செஞ்சது. எங்க பக்கம் கல்யாணம்னா என்னத்தான் கூப்ட்டுச் செய்யச் சொல்வாங்க" என்றாள். குரல் பாதி உள்ளே போய்விட்டது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அந்தக் குரல் நிமிர்ந்துவிட்டது. பிறகு தன் பண்டத்தைப் பற்றித் தானே பேசிப் பதிவு செய்து வாட்ஸப்பில் நம் எல்லோருக்கும் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தாள். நான் வளரவில்லை. என் பொடிக்குத்தான் அவள் வாய் இருக்கிறதே என்று சோம்பேறியாக உட்கார்ந்திருந்தேன்.

சிறுநீரகக் கோளாறு என்று அவளைச் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். நீ இல்லாமல் கண்காட்சிக்குப் போவதை நிறுத்திவிட்டேன், வீட்டுக்காரரும் பொடியை விட்டுவிட்டு கம்பெனி கேன்டீன் வேலைக்குப் போகச் சொல்கிறார், நானும் சரி என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவள் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"நா படுத்துக்கினா உன் யாவாரமும் படுத்துக்குமா? நா யாரோ, உன்ன எனக்குத் தெரியாது. இப்ப எனக்கு வித்துக் காட்டு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் என் வாயில் வந்தது அதே 'ஏதோ'தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பார்த்துப் பார்த்து வாங்குகிறேன் என்றேன். மணலில் போட்டு, சின்னத் தீயில் வறுக்கிறேன், அதனால் கருகின கசப்பு வராது. பூண்டைத் தனியாகக் காயவைத்து இடிக்கிறேன். என் பொடி மாதிரி எங்கள் ஊரில் யாருக்கும் வராது என்று சொல்லி முடித்தபோது எனக்கே திக்கென்றது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண் எழுந்து வந்து, அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். ஷமீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதான் கன்னிமா, அவ்ளோதான்" என்றாள்.

அவள் பேசி நான் பார்த்தது அன்றுதான் கடைசி. பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

கேன்டீன் வேலைக்கு நான் போகவில்லை. அவளை அடக்கம் செய்த பிறகு, போன வாரம் செங்கல்பட்டில் ஒரு பெரிய மளிகைக் கடைக்குத் தனியாகப் போனேன். கல்லாவில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, இதில் என்ன விசேஷம் என்றார். நின்றபடி, அவர் முகத்தைப் பார்த்து, ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் அவர் தலையைத் தூக்கினார். வாராவாரம் கொண்டுவந்து போடச் சொன்னார். வெளியே வந்து படிக்கட்டில் வெகுநேரம் நின்றேன். ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு ஆளில்லை.

தோழிகளே, அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான். என் கையால் செய்ததை என் வாயாலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தைரியம். இனி எத்தனையோ பேரிடம் சொல்வேன். அதை அவள் காதால் கேட்டது ஒரே ஒரு முறைதான்.