அக்கா வரைந்த ஏழு தீவுகள்

கோவளத்தில் ஒரு சின்ன ஹோட்டலில் அப்பா அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தார். கையில் பிடித்து விளையாடும் வீடியோ கேம். அறையைக் காலி செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி விட்டுப்போனது. ஒரு வருஷம் ஹோட்டல் அலமாரியில் கிடந்தும் யாரும் கேட்டு வராததால், பிள்ளைகளுக்குக் கொடு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம்.

பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு கேசட். தோளில் பை மாட்டிய ஒரு தபால்காரன் ஏழு தீவுகளைத் தாண்டிப் போய் ஒரு கடிதத்தைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தீவிலும் பூட்டிய கதவுகள், குகைகள், வழிமறிக்கிற நண்டுகள், பேச்சுக் கொடுக்கிற ஆட்கள். அவர்கள் பேசுவது திரையின் அடியில் எழுத்தாக வரும். அந்த எழுத்துதான் எங்களுக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. ஜெர்மன் என்று அப்பா யாரிடமோ கேட்டுவந்து சொன்னது பிறகுதான்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நண்டை அடித்தால் போதும். அக்கா அப்படி விடமாட்டாள். ஒரு பழைய நோட்டில் திரையில் வரும் வார்த்தைகளை எழுதுவாள். சாவி கிடைக்கும்போதெல்லாம் ஒரே வார்த்தை வருகிறது, அப்படியென்றால் இதுதான் சாவி. நாங்கள் அதை 'ஸ்க்ளூசல்' என்று வாசித்தோம். வீட்டுச் சாவியையும் கொஞ்ச நாள் ஸ்க்ளூசல் என்றே சொன்னோம். அம்மாவுக்கு எரிச்சல் வரும். இப்படியே நாற்பது ஐம்பது வார்த்தைகளுக்கு அர்த்தம் கண்டுபிடித்து, முழுக் கதையையும் எனக்குத் தமிழில் சொன்னாள். பென்சில் பேட்டரி தீர்ந்துபோனால் துணி காயப்போடும் சுவரில் வெயிலில் வைத்து, இன்னும் கால்மணி நேரம் பிழிந்து எடுப்போம்.

நான்காவது தீவில் ஒரு சுண்ணாம்புச் சூளை உண்டு. அதன் பின்சுவரைத் தள்ளினால் ஒரு வழி திறக்கும். போனால் கடலோரத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு கிழவி. அவள் ஒரே ஒரு வரி பேசுவாள். சாவி தரமாட்டாள், வழி சொல்லமாட்டாள். தபால்காரன் பக்கத்தில் உட்கார்ந்தால் திரையில் அலை மட்டும் வந்து வந்து போகும். அக்கா அங்கேதான் போய் உட்காருவாள். பேட்டரி வீணாகிறது என்று நான் சண்டை போடுவேன். கிழவிக்கு வரவேண்டிய கடிதம் இவன் பையில் இல்லை, அதனால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்கிறாள் என்று அக்கா சொன்னாள். அந்த வரிக்கு அவள் கண்டுபிடித்த அர்த்தம் அது.

அக்கா என்னைவிட நன்றாகப் படித்தாள். ப்ளஸ் டூவுக்குச் சமமான ப்ரீ டிகிரியில் கணக்கு குரூப் எடுத்து நல்ல மார்க் வாங்கினாள். அந்த வருஷம் அப்பா ஹோட்டல் மாடிப்படியில் விழுந்து முழங்கால் போய்விட்டது. இரண்டு பேரையும் படிக்கவைக்க முடியாது என்று ஆயிற்று. யாரைப் படிக்கவைப்பது என்று ஒரு பேச்சுகூட நடந்ததாக எனக்கு நினைவில்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் வித்துராவில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் அங்கே மார்க்கெட் பக்கம் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார், ஒரு போட்டோஸ்டாட் மெஷினும் உண்டு. நல்ல மனிதர். அவளும் கடையில் நின்றாள். நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன். கேம் பெட்டியை அவள் எனக்கென்று விட்டுப்போயிருந்தாள். ஹாஸ்டலில் யாரோ கேட்டார்கள், கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

படிப்பு முடிந்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். செல்போனில் விளையாடும் கேம்கள் செய்யும் கம்பெனி. பட்டன் போன்களின் காலம் அது, திரை தீப்பெட்டி அளவு. சேர்ந்து நாலு மாதத்தில் ஒரு புது வேலை வந்தது. பழைய கேம் ஒன்றை இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏற்ற மாதிரி போனுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். மீட்டிங்கில் டீம் லீடர் படத்தைப் போட்டுக் காட்டினார். தோளில் பையோடு தபால்காரன் நின்றான்.

எனக்கு அவனைத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கேமின் மூல புரோகிராம் தொலைந்துபோயிருந்தது. உரிமை வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனியிடம் இருந்தது ஒரு கேசட்டும், வசனங்களின் இங்கிலீஷ் பிரதியும் மட்டும்தான். ஏழு தீவுகளுக்கும் முழு மேப் வேண்டும், ரகசிய வழிகள் உட்பட. மூன்று வாரத்தில் வேண்டும் என்றார் டீம் லீடர். விளையாடிப் பார்த்தே வரையலாம், ஆனால் எங்களில் யாரும் மூன்றாவது தீவைத் தாண்டவில்லை, நானும்தான். எங்கள் வீட்டில் கதவுகளைத் திறந்தவள் அக்கா. நான் நண்டு அடித்தவன்.

ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காடு போய் பஸ் மாறி வித்துரா போனேன். விஷயத்தைச் சொன்னேன். அக்கா கடையிலிருந்து சார்ட் பேப்பர் எடுத்துத் தரையில் விரித்தாள்.

"பெட்டி உங்கிட்டதானே இருந்துச்சு? எங்க?" என்று கேட்டாள்.

தொலைந்துவிட்டது என்றேன். அவள் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வரைய ஆரம்பித்தாள்.

அதை விளையாடி நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கட்டம் தப்பவில்லை. எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, எந்தப் பாறை நகரும், எந்தக் கிணற்றில் இறங்கினால் எங்கே ஏறலாம், எல்லாம் வந்தது. நாலு வயதான அவள் மகள் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கடலுக்கெல்லாம் நீலம் அடித்தாள். மூன்று ஞாயிறு போனேன், ஏழு சார்ட் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று கேட்பாள். செய்த கேமை விளையாடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்கவே தனியாக ஆட்கள் உண்டு என்று சொன்னேன். அவள் சிரித்தாள். கடைசி ஞாயிறு பஸ் ஸ்டாப் வரை வந்தவள் கேட்டாள்:

"அந்த வெளையாண்டு பாக்குற வேலைக்கு என்னல படிச்சிருக்கணும்?"

"டிகிரி கேப்பாங்கக்கா."

"ப்ரீ டிகிரி போதாதோ?"

"கேட்டுப் பாக்கேன்."

திங்கட்கிழமை சார்ட்டுகளை ஆபீஸ் மேஜையில் விரித்தேன். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். இது யார் வரைந்தது என்று டீம் லீடர் கேட்டார்.

அந்த இடத்தில் நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். டீமில் மற்ற ஆறு பேரும் நல்ல இங்கிலீஷ் ஸ்கூல்களில் படித்தவர்கள். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும், என் இங்கிலீஷில் இரண்டும் அடிக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வித்துராவில் போட்டோஸ்டாட் கடையில் நிற்கிற என் அக்கா வரைந்தது என்று சொல்ல வாய் திறந்தேன்.

"நான்தான் சார்," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். அன்று மத்தியானமே அவர் இன்னொன்றும் சொன்னார். நான் வரையாமல் வேறு யாராவது வரைந்திருந்தால், அந்த ஆளை எப்படியாவது டெஸ்டிங்குக்குக் கூட்டிவரச் சொல்லியிருப்பாராம். படிப்பெல்லாம் பார்க்கமாட்டாராம், இந்தக் கேமை இப்படி அறிந்த ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை குறையுமாம். மலையாளத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவில்லை.

பிறகு கேமை மாற்ற ஆரம்பித்தோம். இந்தக் காலத்து ஆட்களுக்கு வழி தப்பினால் பிடிக்காது, இரண்டு நிமிஷம் திகைத்தால் மூடிவிடுவார்கள் என்று வெளிநாட்டிலிருந்து குறிப்பு வந்தது. போகவேண்டிய திசைக்கு அம்புக்குறி வைத்தோம். கதவுகளைக் குறைத்தோம். சூளைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைப் பற்றியும் ஒரு குறிப்பு: இதனால் கதைக்கு ஒரு பயனும் இல்லை, விளையாடுகிறவர்கள் ஏதோ புதிர் என்று நினைத்து நேரம் போக்குவார்கள், எடுத்துவிடவும். நான்காவது தீவு என் பொறுப்பில் இருந்தது. எடுப்பதற்கு முன்னால் அந்தக் கிழவியின் வரியை இங்கிலீஷ் பிரதியில் தேடினேன். 'இன்றைக்கும் எனக்கு ஒன்றும் இல்லையா? பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ' என்று இருந்தது. அக்கா சொன்னதேதான். பதிமூன்று வயதில், ஒரு அகராதியும் இல்லாமல். நான் அந்த வீட்டை அழித்தேன். போன் மெமரியில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஐந்து மாதத்தில் கேம் வெளிவந்தது. போனில் ஏற்றிக்கொண்டு வித்துரா போனேன். அக்கா கடை ஸ்டூலில் உட்கார்ந்து விளையாடினாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள், தபால்காரனுக்குக் கலர் வந்துவிட்டதே என்றாள். அம்புக்குறியைக் கண்டு சிரித்தாள். நேராக நான்காவது தீவுக்குப் போனாள். சூளையின் பின்சுவரைத் தள்ளினாள். ஒரு கட்டம் தள்ளிப்போய்த் திரும்பத் தள்ளினாள். நான் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்க ஒரு வழி உண்டே."

"மெமரி பத்தலக்கா. எடுக்கச் சொல்லிட்டாங்க."

"ஷரி," என்றாள்.

மீதியை வேகமாக முடித்தாள். கடைசியில் பெயர்கள் வரும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். சின்னத் திரையில் ஒவ்வொன்றாக ஏறிவந்தது. மேப் என்று இங்கிலீஷில் இருந்தது, அதற்குக் கீழே என் பெயர். அவள் அதை வாசிப்பதை நான் பார்த்தேன். போனைத் துப்பட்டாவில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"உம்பேரு வந்திருக்கு. அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு," என்றாள். அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் அத்தான் மருந்து வாங்க மெடிக்கல் காலேஜ் பக்கம் வந்தார். நான் கூடப் போனேன், டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார். மேப் வரைந்துகொடுத்த பிறகு அக்கா நெடுமங்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தாளாம். மூன்று மாதம், தினமும் காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ்ஸில் போய்வந்தாளாம். தம்பி கூப்பிடும்போது ஒன்றும் தெரியாமல் போய் நிற்கக்கூடாது, அவனுக்குத்தான் குறைச்சல் என்றாளாம். என்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். நான் போனைக் கொண்டுவந்து காட்டிய மறுநாள் நிறுத்திவிட்டாள்.

"ஏன்னு நானும் கேட்டேன். தலவலிக்குன்னு சொன்னா," என்றார் அத்தான்.

அடுத்த ஞாயிறே போனேன். கடையில் அவள் மட்டும் இருந்தாள், யாருடைய ரேஷன் கார்டையோ போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போகும் வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நான் வரைந்ததாகச் சொன்னதை, டீம் லீடர் அந்த ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன் என்றதை, நான் வாய்மூடி இருந்ததை. சொல்லும்போது அழுகை வந்தது. அவள் அழவில்லை. மெஷினின் மூடியை இறக்கிவிட்டு, தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ல," என்றாள். அடுக்கிய தாள்களை அலமாரியில் வைத்துவிட்டு, "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா, உம்பேரையே போடுன்னு நானே சொல்லிருப்பேன்," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து எல்லாம் செய்தாள். விசேஷ நாட்களில் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்பாள். ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொள்வாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதைக் கேட்கிற மாதிரி.

இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை போனபோது கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, பிரிண்டரும். அக்கா மலையாளத்தில் ஏதோ விண்ணப்பம் டைப் செய்துகொண்டிருந்தாள். பத்து விரலும் ஓடின, விசைகளைப் பார்க்கவே இல்லை. வாங்கி ஆறு மாதம் ஆகிறது, பக்கத்துச் செருப்புக்கடைக்காரரின் தம்பிதான் கூட வந்து பார்த்து வாங்கித் தந்தான் என்று அத்தான் சொன்னார்.

என்னைக் கேட்டிருக்கலாமே என்றேன். நான் அந்த வேலையில் இருப்பவன்தானே.

"நீ பிஸியா இருப்பேன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

கடையில் வாடிக்கையாளர்களுக்கு என்று ஒரே ஒரு நாற்காலி. ஒரு வயதான அம்மா கையில் கவரோடு வந்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அக்கா அவரிடம் பெயர், வீட்டுப்பெயர், வார்டு நம்பர் என்று மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு டைப் செய்யத் தொடங்கினாள். பின்னால் வரிசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் போய்வருகிறேன் என்று சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.