இசக்கிமுத்துவின் தாடி

நெஞ்சுவரை தொங்கும் என் வெள்ளைத் தாடியைத் தொட்டுச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்தத் தாடி பொசுங்கிப் போகட்டும்.

தேவதானத்து மொக்கைச்சாமி எல்லைக்கல்லைத் தள்ளி நட்டு, பக்கத்து மாந்தோப்பை எடுத்துக்கொண்டார். தோப்புக்குச் சொந்தக்காரர் இசக்கிமுத்து, அது கைக்குத் திரும்பும்வரை தாடி எடுப்பதில்லை என்று சபதம் போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆறு வருஷம் வாய்தா. தாடி தொப்புளுக்கு இறங்கியது. தீர்ப்பு வருமுன் ஆள் போய்விட்டார்.

சபதத்தோடு போனவன் சும்மா போவானா? மொக்கைச்சாமிக்கு அதே பயம். தாடி போனால் சபதமும் போகும் என்று, துட்டிக்கு வந்த சாவு வீட்டில் பெரிய மனுஷனாக நின்று, சலூன் ரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"ஏலே, தாடிய எடுத்து விடு. மொகம் தெளிவா இருக்கட்டும்."

செத்தவரின் மனைவி செல்லத்தாய் தடுத்தாள். "அண்ணாச்சி, அது அவிய சபதம். தொடாதிய."

"சபதமெல்லாம் உசுரோட இருக்கவனுக்குத்தான் தாயி."

ரத்தினம் சிரைத்தான்.

பதினாறாம் நாள் காலை 6.10. தோப்பில் ஒரு மாமரக் கிளையில் சாம்பல் பச்சையாக, இழை இழையாக ஏதோ தொங்கியது. மரப்பாசி. மலை உச்சியில் மேகம் உரசும் மரங்களில் தாடி போலத் தொங்குமே, அதேதான். அடிவாரத்து வெக்கையில் அதற்கென்ன வேலை? மொக்கைச்சாமி சுரண்டி எறிந்தார்.

மறுநாள் ஏழு மரம். சுரண்டினார். சாயங்காலம் மோவாய் அரித்தது. கண்ணாடியைப் பார்த்தார்... சாம்பல் பச்சை. ராஜபாளையம் போய் மூன்று கம்பெனி பிளேடு வாங்கிவந்தார். எதுவும் இறங்கவில்லை. மரத்தில் சுரண்டச் சுரண்ட முகத்தில் வளர்ந்தது. மூக்குக்குள் புகுந்து மூச்சை அடைத்தது.

ரத்தினம் கத்தியை மடக்கிவிட்டான். "அண்ணாச்சி, இது சலூன் கேஸ் இல்ல. ஃபாரஸ்ட் ஆபீஸ் கேஸ்."

செவ்வாய்க்கிழமை, பகல் 3.40. மிச்சம் ஒரே மரம். ஏணி வைத்து ஏறினார். காற்றே இல்லை. பாசி மட்டும் ஆடியது.

சரக்... சரக்...

கை நின்றது.

சரக்... சரக்...

சத்தம் நிற்கவில்லை.

3.44. தொண்டையில் சில்லென்று... கத்தி.

"ஏலே, அசையாத. மொகம் தெளிவா இருக்கட்டும்."

இசக்கிமுத்து குரல்.

ஏணியோடு விழுந்தவர், எழுந்து ஓடி நின்றது செல்லத்தாய் வாசலில். மறுநாளே தோப்பை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். கையெழுத்து முடிந்த நிமிஷம் பாசி மொத்தமும் மடியில் உதிர்ந்தது. கூடவே மீசையும் புருவமும். இன்றுவரை அந்த முகத்தில் ஒரு முடி முளைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் ரத்தினம் வாயைத் திறந்தான். சாகிறதற்கு முந்தின வாரம் இசக்கிமுத்து அவனிடம் சொன்னாராம்:

"நான் செத்தா மொக்கைச்சாமி எந்தாடிய எடுக்கச் சொல்லுவான். எடுத்துக்கோ. கொண்டுபோயி எந்தோப்புல போட்டுரு. பொறவு அது பாத்துக்கிடும்."

அவன் போட்டிருக்கிறான்.

தொட்டுச் சத்தியம் செய்த தாடியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. எனக்குத் தாடி முளைப்பதில்லை.