டிரம்மில் பொங்கிய சோப்பு

சின்னமனூரில் என் அக்கா வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். நான் தேனியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. போன கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, பொழுது போகாமல் ஒரு லிட்டர் எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றிக் கலக்கி, கொஞ்சம் ஏலக்காய் எண்ணெயும் விட்டு சோப்பு செய்தேன். பத்துக் கட்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, பாயசம் போல மணத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

காய்ந்த கட்டியைத் தேய்த்துக் குளித்துவிட்டு, மச்சான் ஈரத் தலையோடு நேராக என்னிடம் வந்தார்.

"ஏத்தா, இதையே நூறு லிட்டருல போட்டா ஆயிரம் கட்டி வருமில்ல?"

"வரும் மச்சான். எல்லாத்தையும் நூறால பெருக்கணும், அம்புட்டுதான்."

பதினோரு வருடமாக வெப்ப உமிழ்வினைப் பாடம் நடத்துகிறவள் பேசிய பேச்சு இது.

மறுநாள் காலை மில் முற்றத்தில் பெரிய நீல டிரம்மை வைத்து, நூறு லிட்டர் எண்ணெயையும் அதற்கேற்ற காஸ்டிக் சோடா கரைசலையும் ஊற்றினோம். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, பெயிண்ட் கலக்கும் மெஷினை விட்டு மச்சான் சுழற்றினார். கலவை தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம்.

பாதி டீயில் அக்கா கத்தினாள். "இங்கன வந்து பாருடி! மூடி மேல ஏறுது!"

மூடி எழும்பி, சரிந்து, விழுந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாகப் பொங்கி வழிந்தது. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, என்ன ஏதென்று கேட்காமல் குலவை போட்டார்.

"சின்னப் பாத்திரத்துல சூடு சுத்தியும் வெளிய போயிரும் மச்சான். இம்புட்டுப் பெரிய டிரம்முல நடுவுல இருக்கற சூட்டுக்குப் போக வழியில்ல. சூடு ஏற ஏற வினை வேகமா நடக்கும், அதனால..."

"பாடத்தை அப்பறம் நடத்துத்தா! இப்ப என்ன செய்ய?"

"சின்னச் சின்னதாப் பிரிக்கணும். ஆறிரும்."

அக்கா அடுப்படிக்கு ஓடி இட்லித் தட்டுகளை அள்ளி வந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவும் தன்னுடையதைக் கொண்டுவந்தார். "எவர்சில்வர் மட்டும்! அலுமினியம் வேணாம்!" என்று நான் அலறுவதற்குள் அவருடைய அலுமினியத் தட்டு ஒன்று சோப்பு பட்டதும் புசுபுசுவென்று நுரைத்துக் கறுத்துப்போனது. புதுசு வாங்கிக் கொடுத்தோம். பாதிச் சோப்பு சாக்கடைக்குப் போனது. மீதியை நீளக் கரண்டியால் மொண்டு இட்லிக் குழிகளில் ஊற்றினோம். அது ஆறி, இட்லி இட்லியாக இறுகியது.

சில வாரம் கழித்து, கடமலைக்குண்டிலிருந்து மச்சானின் பெரியப்பா வந்தார். காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், கூடத்தில் காயவைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, யாரையும் கேட்காமல் தட்டிலிருந்த சட்னியில் தொட்டுக் கடித்தார்.

"என்னத்தா, ஏலக்கா போட்ட இட்லியா? கொஞ்சம் கெட்டியா..." என்றவர் வாயில் நுரை வந்தது.

அவர் கொப்பளித்துக் கொப்பளித்து முற்றம் முழுக்க நுரையானது. ஊருக்குக் கிளம்பும்போது அக்காவிடம், "குளிக்கறதுக்கு நாலு இட்லி குடு ஆத்தா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.