பொது லாகினில் நான் எழுதிய ஒரு வரி

போன குற்றாலம் சீசனில், தென்காசியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் நடந்தது இது.

சர்வருக்குள் நுழைய எங்கள் எல்லோருக்கும் ஒரே லாகின்தான். எனக்கோ கை சும்மா இருக்காது. நீளமான கட்டளைகளுக்குச் சுருக்கம், கலர் கலராய்த் திரை என்று கல்லூரியிலிருந்தே சேர்த்து வைத்திருந்த என் செட்டிங்ஸை அந்தப் பொது லாகினிலேயே ஏற்றிவிட்டேன். யார் நுழைந்தாலும் "வாங்க, அருவியில தண்ணி விழுது!" என்று ஒரு வரி வேறு. யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாவூர்சத்திரம் காய்கறி மண்டியிலிருந்து போன். மண்டி கணினி தினமும் எங்கள் சர்வருக்கு விலைப்பட்டியல் அனுப்பும். அது விவசாயிகளுக்கு மெசேஜாகப் போகும். அன்று பட்டியலே வரவில்லை. மண்டிக்காரர் பேச்சுக்கு நடுவே தன் கணினி ஆளைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"என்னத்தலே அமுக்கித் தொலச்ச? நாளைக்கு வராண்டாம், போ!"

"அண்ணாச்சி, எப்பவும் போலத்தான் அனுப்புதேன்!"

பக்கத்து இருக்கை அக்கா, "அங்கனதான் ஏதோ கோளாறு" என்றார். நானும் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே பிழைச்செய்தியைத் திறந்தால், பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் என் அருவி விழுந்துகொண்டிருக்கிறது! மண்டி கணினியும் அதே லாகினில்தான் நுழைகிறது. எதிர்பாராத வரியைக் கண்டதும் குழம்பி, அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

அந்த வரியைச் சட்டென்று அழித்தேன். இனி அந்தக் கணினி ஆள் இன்னொரு முறை அனுப்பினால் போதும், என் பெயர் வெளியே வராது. இரண்டு நிமிடம் அப்படியே இருந்து பார்த்தேன். பிறகு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினேன்.

"அக்கா, அது நான் பண்ணுனது."

"ஏங்கிட்ட ஏம்ல சொல்லுத? அங்கன ஒருத்தன் வேல போவுது!"

மண்டிக்குத் திரும்பப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பைக்கை எடுத்தேன். வழி முழுக்கச் சாரல், வரிசையாய் டெம்போக்கள். மண்டியில் அந்தக் கணினி அண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே, அந்த அருவி வரியை எழுதிக் கெடுத்தது நான்தான் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

"அருவியில தண்ணி விழுதுன்னு சொல்லவால என் சோத்துல மண்ணப் போட்ட?" என்றார் அவர். சிரிக்கவில்லை.

மண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "நின்னுக்கிட்டே இருக்க? உக்காந்து பட்டியல அனுப்புலே" என்றார்.

இப்போது என் செட்டிங்ஸ் என் லேப்டாப்பில் இருக்கிறது. நான் நுழையும்போது என்னோடு வந்து, வெளியேறும்போது என்னோடு போய்விடும். ஆனாலும் அந்தப் பொது லாகினைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அதே வாசல் வழியாய் உள்ளே வர, தூக்கோடு ஒருவர் எனக்குப் பின்னால் நிற்கிறார் என்றே தோன்றுகிறது.