சந்தனப் பொட்டு வைத்த சிடி

எங்கள் வீட்டில் நெய்த சேலை எதுவும் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. தறியிலிருந்து அறுத்து, மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அப்பா கிளம்பினால் அதோடு சரி. அது யார் கல்யாணத்துக்குப் போனது, இப்போது எந்த ஊர் பீரோவில் கிடக்கிறது, ஒன்றும் தெரியாது. அம்மா கட்டியதெல்லாம் பாலியஸ்டர்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இனிப்புக் கடைக்காரர் வீட்டில் மூன்று வேளையும் மைசூர்பாகா சாப்பிடுகிறார்கள்?

ஆனால் அண்ணனுக்கு மட்டும் அதில் ஒரு குறை இருந்தது. நாள் கணக்கில் உட்கார்ந்து நெய்த ஒன்று போன சுவடே தெரியாமல் போய்விடுகிறதே என்று புலம்புவான். அதற்கு அவனே ஒரு வழியும் கண்டுபிடித்தான். ஒரு சேலை அறுத்தால் ஒரு சிடி. சேலையைக் கொடுத்துவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போவான். பெண் பார்க்கப் போனவன் மாதிரி அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒருமுறை பாட்டு, ஒருமுறை படம். படமென்றால் ஒரு உறைக்குள் இரண்டு சிடி இருக்கும். விசிடி காலம் அது, முழுப் படமும் ஒன்றில் அடங்காது.

பிளாட்பாரத்தில் ஜெராக்ஸ் அட்டை ஒட்டிய திருட்டு சிடி அள்ளிக்கொள்ளலாம்போலக் கிடக்கும். அதை அவன் தொடமாட்டான். நான் ஒருமுறை ஆசையாக ஒன்று வாங்கி வந்தபோது பிடித்துக்கொண்டான்.

"மிஷின்ல போட்ட சேலைய கைத்தறின்னு வித்தா நமக்கு வயிறு எரியுதில்ல? அப்புறம் இத மட்டும் இன்னாத்துக்கு வாங்கிக்கினு வர?"

வாயாடி என்று தெருவில் பேரெடுத்த நான் வாயை மூடிக்கொண்ட சில தடவைகளில் அது ஒன்று.

தறிக்கு மேலே சுவரில் ஒரு பலகை அடித்து சிடிகளை அடுக்கி வைத்திருந்தான். யாராவது வந்து அதைப் பார்த்தால் படத்தின் பெயரைச் சொல்லமாட்டான். "இது அரக்குச் சேல, பச்ச பார்டரு. இது மாம்பழ மஞ்சளு. இந்தப் பாட்டு சிடி இருக்குதே, இது கத்திரிப்பூ கலரு, முந்தி பெருசு, உயிர வாங்கிடுச்சு" என்பான். வீட்டை விட்டுப் போன சேலைகளெல்லாம் அந்தப் பலகையில்தான் இருந்தன.

ஒரு ஆனி மாதம் ஐயம்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவன் வண்டி மணலில் சறுக்கியது. வலது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் ஒரு பக்கம் இரண்டு தறி, எதிர்ச் சுவரோரம் அவனுக்குக் கட்டில். அவன் தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நின்றது. அப்பா அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு அடுத்த தறியில் தன் வேலையைப் பார்த்தார்.

தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதித்தால்தான் எங்களுக்குச் சோறு. அவனுக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அதனால் அந்தக் காலைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. வெயில், தண்ணீர், கரண்ட் என்று மற்றதெல்லாம் பேசினோம்.

பார்க்க வந்தவர்கள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கி வந்தார்கள். இரண்டாவது வாரத்திலேயே அது மாறிவிட்டது. இவன் நாளெல்லாம் சிடி போட்டுக்கொண்டு கிடக்கிறான் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோனது. அவரவர் வீட்டிலிருந்த சிடியை எடுத்து வர ஆரம்பித்தார்கள். தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அக்கா தெலுங்குப் படமாகக் கொண்டுவந்து குவித்தாள். செவிலிமேட்டில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி சர்ச் பாட்டு சிடி அனுப்பினாள். அவன் தன் சிடியை யாருக்கும் இரவல் கொடுத்தவனல்ல, கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதையெல்லாம் யாரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகும். தெருக்குழாயில் என்னோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள்தான் அவர்களில் பாதிப்பேர்.

கோடிவீட்டுப் பெரியம்மா தன் மகள் கல்யாண சிடியைக் கொண்டுவந்தார். பார்க்காமல் இருக்க முடியுமா? பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டியாயிற்று, பந்தி ஆரம்பித்தது. இலைகளுக்கு நடுவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன் விறுவிறுவென்று நடந்து வந்தான். எங்கள் அண்ணன். வரிசை முடிந்ததும் திரும்பி ஓட்டமாக ஓடினான். பெரியம்மா, "பாருபா, எப்பிடி ஓடி ஓடிப் பரிமாறின நீ" என்றார் பிரியமாக. அவன் ரிமோட்டை அமுக்கி டிவியை நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எலும்பு கூடிவிட்டது என்று ஆவணியில் டாக்டர் சொல்லிவிட்டார். "இனிமே நடக்கணும்பா. இப்பிடியே படுத்துக்கினு இருந்தா காலு சூம்பிடும், அப்புறம் என்னாண்ட வந்து பிரயோஜனம் இல்ல." அங்கேயே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். இரண்டாவது அடியில் முட்டி மடங்கி, அத்தனை பேர் முன்னால் விழுந்தான். அன்றோடு சரி. வாக்கர் மூலையில் துண்டு காயப்போடும் ஸ்டாண்டு ஆனது. நடக்கச் சொன்னால் "நாளைக்கு" என்பான். நான் திட்டிப் பார்த்தேன், கேலி செய்து பார்த்தேன், ஒருநாள் அழுதும் பார்த்தேன். நாளைக்கு, நாளைக்கு, நாளைக்கு.

கேட்டதெல்லாம் கைக்கு வந்தால் எவன் எழுந்திருப்பான்? அம்மா அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். தண்ணீர், சோறு, சீப்பு, மற்ற எல்லாமும் கட்டிலுக்கே வந்தது. ரிமோட் செய்யாத வேலை ஒன்றே ஒன்று, சிடியை மாற்றுவது. முதல் சிடி முடிந்ததும் திரை நீலமாகிவிடும். "அம்மா, ரெண்டாவது" என்று குரல் கொடுப்பான். ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டிருக்கும் அம்மா எழுந்து வருவாள். அவன் சொல்லிக்கொடுத்தபடி விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து மாற்றிவிட்டுப் போவாள். அத்தனை படத்திலும் அவள் பார்த்தது நடுவில் ஒரு நிமிஷம்தான். "இன்னாடா படம் எடுக்கிறானுங்க, எப்ப வந்தாலும் எவளாவது அழுதுக்கினே இருக்கா" என்பாள்.

இப்போது என் போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. நல்ல வசதிதான், நான் குறை சொல்லமாட்டேன், தினமும் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு அண்ணன் கையில் இப்படி ஒரு போன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா தறிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இழை ஓட்டும் நாடாவுக்கும் ராட்டைக்கும் அம்மா வைத்தாள். அண்ணன் தறிக்கும் வைத்தாள், போர்த்தியிருந்த வேட்டியை எடுக்காமலே. பிறகு சந்தனக் கிண்ணத்தோடு நிமிர்ந்தவள் பலகையைப் பார்த்தாள்.

"மூணு மாசமா இந்த வூட்ல நம்மள விட ஜாஸ்தி வேல செஞ்சது இதுங்கதான்" என்றாள்.

பிளேயருக்கு ஒரு பொட்டு, ரிமோட்டுக்கு ஒரு பொட்டு. சிடிகளையெல்லாம் உள்ளே எடுத்துப்போய்ச் சாமி முன்னால் வைத்து, உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதற்கும் பொட்டு வைத்தாள். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. சாமிக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. அண்ணனுக்கோ முந்தின நாள் பார்த்த படத்தில் இரண்டாவது சிடி பாக்கி. கதாநாயகனின் தங்கையை வில்லன் குடோனில் கட்டிப்போட்டிருந்த இடத்தில் நின்றிருந்தது. ஒரு நாள் முழுக்கப் பொரியைக் கொறித்துக்கொண்டு முனகினான்.

விஜயதசமியன்று சாப்பாடு முடிந்ததும் அம்மா பூஜையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வந்து பலகையில் அடுக்கினாள். கையோடு அந்த இரண்டாவது சிடியையும் போட்டுவிட்டாள். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ கத்தினார்கள். அம்மாவும் நானும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு முன்னால் சாமியே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் முறை வந்தபோது வீட்டுக்குள் சண்டைச் சத்தம் உச்சத்தில் இருந்தது. கதாநாயகன் வந்துவிட்டான் போலிருக்கிறது. திடீரென்று, "வி... வி... வி... வி..." என்று ஒரே எழுத்து. குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். "அம்மா!" என்று அண்ணன் கூப்பிட்டான். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. "தோ வர்றேன்பா!" என்றாள் அம்மா. "அம்மா! சிக்கிக்கிச்சுமா!" மறுபடி "வி... வி... வி..." பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அவன் ரிமோட்டில் நிறுத்தியிருப்பான் என்றுதான் நினைத்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முன்னால் போக, பின்னால் அம்மா. வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

கட்டில் காலியாக இருந்தது.

அண்ணன் டிவி ஸ்டாண்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இடது கையால் தன் தறியின் மரத்தைப் பிடித்திருந்தான். தறிமேல் போர்த்தியிருந்த வேட்டி ஒரு பக்கம் சரிந்து கீழே கிடந்தது. வலது கையில் சிடி. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தவன் கத்தினான்.

"யாரு இதுல சந்தனம் வெச்சது? பளபளன்னு இருக்கிற பக்கத்துல யாராவது வெப்பாங்களா?"

"நான்தான்பா வெச்சேன்" என்றாள் அம்மா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"படம் போட்டிருக்கிற பக்கத்துல வெக்கறதுதானே?"

"அதுல மனுசங்க மூஞ்சி இருக்குதேபா. செத்தவங்க போட்டோவுக்குத்தான் பொட்டு வெப்பாங்க. உசுரோட இருக்கிறவங்களுக்கு வெக்கலாமா? அவங்க நல்லா இருக்கணுமில்ல?"

அவன் தலையில் அடித்துக்கொள்ளப் போனான். கை இரண்டும் வேலையாக இருந்ததால் முடியவில்லை. "ஓரமாப் பார்த்து வெச்சிருக்கியே, படத்துல கடைசியா வர்ற முக்கியமான எடமே அதுதான்மா! எத்தினி சிடில வெச்ச?"

"எல்லாத்துலயும்தான்."

"ஐயோ!"

அவன் திட்டத் திட்ட அம்மா தலையாட்டிக்கொண்டே நின்றாள். கொஞ்சம் அசைந்தாலும் பறந்துவிடும் குருவியைப் பார்க்கிற மாதிரி, ஆடாமல் அசையாமல் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இன்னும் தெரியவில்லை. கோபத்தில், தான் நிற்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

"சும்மா நின்னுக்கினு இருக்காத, ஒரு துணி குடு. மெத்துனு இருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

நான் குடத்தை இறக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பட்டு இழைத்து இழைத்துக் காய்த்துப்போன கை, அப்படி அழுத்திப் பிடித்ததில்லை. மூன்று மாதமாக அவன் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவள் சொன்னாள்:

"துணி அந்தக் கொடில இருக்குது. நீயே போயி எடுத்துக்கபா."

கொடி கூடத்தின் மறுகோடியில், இரண்டு தறியையும் தாண்டி இருந்தது. அண்ணன் கொடியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. இடுப்பில் இருந்த குடம் தளும்பி என் பாவாடையெல்லாம் நனைந்தது.

தறி மரத்தைப் பிடித்தபடியே வலது காலைத் தூக்கி வைத்தான். அது நடுங்கியது. நின்றது. அடுத்த காலை வைத்தான். இரண்டு தறிக்கும் நடுவில் பிடிக்க ஒன்றுமில்லாத இடம் கொஞ்சம் உண்டு. அங்கே ஒரு நிமிஷம் நின்றான். சிடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை விரித்துக்கொண்டு, அதையும் தாண்டினான். கொடியிலிருந்து அப்பாவின் பழைய பனியனை உருவி, அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகச் சந்தனத்தைத் துடைத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்தியாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு திரும்பி எங்கள் இருவரையும் பார்த்து, "அங்க தங்கச்சிய கட்டிப்போட்டுக்கினு இருக்கான், படம் பாதில நிக்குது, நீங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்கு அழுவுறீங்க?" என்று கேட்டான்.