மிளகளவு மாத்திரை

பேதிக்குக் கொடுப்பதைப் போல நன்றி கெட்ட தொழில் கிடையாது. காலையில் கும்பிட்டு மருந்து வாங்குகிறவர், மத்தியானம் நம் பரம்பரையையே திட்டுவார். ஐம்பதுகளில் தென்காசியில் ஒரு நாட்டு வைத்தியரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட உங்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

குற்றாலம் பஸ்

வீரகேரளம்புதூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விடியற்காலையில் மாத்திரையை விழுங்கினார். வெளியே போகக் கூடாது, குளிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு மணி நேரம் வயிறு அசையவில்லை. மருந்து பழசு என்று முடிவுகட்டி, குற்றாலத்துக்கு பஸ் ஏறிவிட்டார். வழியில் அவருக்காக பஸ் மூன்று தடவை நின்றது. நான்காவது தடவை கண்டக்டர் அவரைக் குடையோடு இறக்கிவிட்டார். மறுநாள் வந்து சொன்னார்: "அருவியில தண்ணி எப்படி விழுதுன்னு பாக்கப் போனேன். போற வழியிலயே பாத்துட்டேன்வே."

சிலம்ப ஆசான்

"ஒண்ணு எனக்கு எந்த மூலைக்கு?" என்று இரண்டாவது மாத்திரைக்கும் கை நீட்டினார் புளியங்குடி ஆசான். நல்லவேளை, நான் கொடுக்கவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால், அந்த ஆஜானுபாகு மோர் டம்ளரைத் தூக்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். மிளகளவு உருண்டைக்குள் இத்தனை பலமா என்று எனக்கே பயமாகிவிட்டது. என்னைக் கிட்டே கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்: "இதுக்கு வாத்தியார் யாருவே?"

தோப்புக் கதவு

கீழப்பாவூரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீடு அண்ணனுக்கும், பின்னாலிருந்த தென்னந்தோப்பு தம்பிக்கும் போயிற்று. அந்த மனத்தாங்கலில் ஐந்து வருஷமாகப் பேச்சில்லை. தோப்புக்குப் போகும் புறவாசல் கதவைத் தம்பி அந்தப் பக்கம் பூட்டிவிட்டார். வீட்டுக்குள் கக்கூஸ் இல்லாத காலம். அண்ணன் தெருவெல்லாம் சுற்றிக் குளத்தங்கரைக்குப் போய்வருவார்.

அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கும்போதே, தம்பியிடம் கதவைத் திறக்கச் சொல்லலாமே என்றேன். "செத்தாலும் அவன்ட்ட கேக்க மாட்டேன்" என்றார். ஐந்து தடவை குளத்துக்கு நடந்தார். ஆறாவது தடவை கால் எழவில்லை. பூட்டிய கதவிலேயே சாய்ந்து கண்ணை மூடினார். துணைக்கு நின்ற நான் கதவைத் தட்டப் போனபோது, என் கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. தம்பி ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றார். அண்ணன் நடந்த நடையைக் காலையிலிருந்து பார்த்திருக்கிறார்! அண்ணனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போனார்.

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனபோது, இரண்டு பேரும் தென்னைமரத்தடியில் உட்கார்ந்து அழுவதும் ஏசுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத அண்ணன் என்னிடம் சொன்னார்: "கம்பவுண்டரே, நாளைக்கும் ஒரு மாத்திரை குடும். இன்னும் பாதிகூடப் பேசி முடியல."

முதல் மாத்திரை வேலை செய்த பிறகும் இன்னொன்று கேட்ட ஆளை என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.