தலைவரை வழியனுப்பி வைத்த தனம் அக்கா

செய்தி வந்தபோது நான் மலாக்காவில், டுரியான் துங்கால் பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். தனம் அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா காலையில எழுந்திருக்கல" என்றாள். அதோடு அழத் தொடங்கிவிட்டாள். கீரைக்காரம்மா கட்டை நீட்டியபடியே என் முகத்தைப் பார்த்தார். "நியாலாஸ் தனம் அக்கா போயிட்டாங்க" என்றேன். "நம்ம சங்கத்துத் தனமா?" என்று கேட்டவர், கீரையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மறுநாள் நியாலாஸில் அவர் வீட்டு முன்னால் போட்ட கூடாரம் போதவில்லை. செம்பனைத் தோட்டங்களிலிருந்து லோரிகளில் வந்தார்கள். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையிலிருந்து வேலை உடையோடே வந்தார்கள். "இவங்கதானே சங்கத்தோட தேசியத் தலைவரையே கவுத்தவங்க?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கூப்பிட்டுத் திருத்தியிருப்பார். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "நாங்க யாரையும் கவுக்கல. அவரத் தூக்கிப் பிடிச்சிருந்த கைய எடுத்துட்டோம், அவ்வளவுதான்."

அந்தக் கைகள் ஏன் எடுக்கப்பட்டன என்பதை உடனிருந்தவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

தொடக்கத்தில் தலைவருக்கு அக்காவைவிடப் பெரிய ஆதரவாளர் மலாக்காவில் யாரும் இல்லை. தொழிலாளர் சங்கத்தின் தேசியத் தலைவராவதற்கு முன்பே அவர் மழைச்சேற்றில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வருவார். அக்காவின் கணவருக்கு, செம்பனைப் பழக்குலை ஏற்றும்போது லோரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. அன்று ஆபீஸ் வாசலில் நின்று நிர்வாகியோடு சண்டை போட்டு, தோட்டத்துக் காரிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தவர் தலைவர்தான். "என் வீட்டுக்காரர் இன்னிக்கு நடக்கிறாருன்னா தலைவராலதான்" என்று அக்கா மேடைதோறும் சொன்னார். சங்கத் தேர்தல் வந்தால் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினார். நான் அப்போது மாநிலச் செயலாளர். கூட்டங்களில் மாலையை எடுத்துக் கொடுப்பது அக்கா. வரவேற்புரை சொல்வது நான்.

பிறகு அக்காவின் தோட்டம் ஒரு வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது. தலைவர் பெரிய காரில் வந்து இறங்கினார். கோயில் முன்னால் நின்று, "நான் இருக்கிற வரைக்கும் ஒரு வீடுகூட இடிபடாது" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமானது. ஆனால் இந்த முறை அவர் எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை. காரின் இன்ஜின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

சில வாரங்களில் கோலாலம்பூர் தலைமையகத்தில் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. லயத்து மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட வேண்டும். தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலமும் கிடையாது. கையெழுத்துப் போட்ட அறையில் நானும் இருந்தேன். "ஆளுங்களக் கேட்டுட்டுப் போடலாமே தலைவரே" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

லயத்து மக்கள் இதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அக்கா பத்துப் பேரோடு தலைமையகத்துக்குப் போய்க் காலையிலிருந்து காத்திருந்தார். தலைவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். திரும்பி வந்ததும் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இந்தக் கையெழுத்து விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

மறுநாளே தன் சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார். வேலை முடிந்து குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தினமும் சங்கத்தின் ஒரு கிளைக்குப் போனார். போன இடமெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "தலைவர் கடைசியா எப்போ உங்களக் கேட்டுட்டு ஒரு முடிவு எடுத்தாரு?" ஆட்கள் யோசிப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாருக்கும் ஞாபகம் வராது. ஒப்பந்தத்தைப் பற்றி அக்கா எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு கிளையிலும் இப்படிக் கேட்காமல் எடுத்த முடிவு ஒன்று இருந்தது. அவர்களே சொல்லத் தொடங்கினார்கள்.

சுங்கை ஊடாங்கில் ஒருவர் ஆத்திரத்தில் தலைவரின் மனைவி மக்களையும் சேர்த்துத் திட்டினார். அக்கா அவரை நிறுத்தினார். "அவரு வீட்டப் பத்தி நமக்கு என்னா? நாம நம்ம வீட்டப் பத்திப் பேசுவோம்." அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தலைவருக்கு வேண்டியவர்கள். அக்காவை மடக்க வந்தவர்கள், கடைசியில் அவர் கிளம்பும்போது மோட்டார் வரைக்கும் கூடவே வந்தார்கள்.

டுரியான் துங்காலுக்கு வந்த அன்று என் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அந்த ரூம்ல நானும் இருந்தேன்."

அவர் தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்தார். "எனக்குத் தெரியும் தம்பி. உங்க குரலே சொல்லிடுச்சு. என்கிட்ட சொன்னது போதாது. கூட்டத்துல சொல்லுங்க."

"பதவி போயிடும்க்கா."

"போகட்டும்லா. தூக்கம் வரும்."

சங்கத்தின் பேராளர் மாநாடு மலாக்கா நகரில் நடந்தது. நாடு முழுவதும் இருந்து கிளைப் பேராளர்கள் வந்திருந்தார்கள். தலைவர் தன் தியாகங்களைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். எதிர்த்துப் பேசுகிறவர்கள் நிறுவனத்தின் கைக்கூலிகள் என்றார். அப்போது அக்கா எழுந்தார். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுக்க யாரும் வரவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. செம்பனைக் காட்டில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"தலைவரே, என் வீட்டுக்காரர நடக்க வெச்சது நீங்க. அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா என் வீட்ட எழுதிக் கொடுக்க உங்களுக்கு யாரு சொன்னா? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உங்க நன்மைக்குத்தான் செஞ்சேன்" என்றார் தலைவர்.

"எங்க நன்மை என்னான்னு எங்களுக்குத் தெரியாதா?"

மண்டபத்தில் ஓர் இரைச்சல் எழுந்தது. நானும் எழுந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டபோது நான் அருகில் இருந்ததையும், யாரையும் கேட்கவில்லை என்பதையும், நானும் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவர் மேசையைத் தட்டி, "என் மேல நம்பிக்கை இருக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அவருக்கு அந்த அளவு உறுதி இருந்தது. முன்வரிசையில் சில கைகள் எழுந்தன. அவர் தன் சொந்தக் கிளை உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய மைத்துனர் உட்பட எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் விலகிக்கிறேன்" என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். யாரோ வாசலில் உறுமி மேளம் அடிக்கத் தொடங்கினார்கள். சிலர் கூச்சல் போட்டபடி தலைவரின் காரை மறித்தார்கள். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் தலைவரின் பக்கத்தில் நின்றார். "வழி விடுங்க. ஜெயிச்சாச்சு இல்ல? அப்புறம் என்னா?" என்று அதட்டினார். கார்க் கதவைத் தானே திறந்து, "உடம்பப் பாத்துக்குங்க தலைவரே" என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

புதிய நிர்வாகம் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தது. இந்த முறை நிறுவனத்தோடு பேசப் போனபோது லயத்து மக்கள் ஐந்து பேர் மேசையில் உட்கார்ந்தார்கள். இழுபறி நீண்டது. கடைசியில் தோட்டத்து எல்லையிலேயே நிலப்பட்டாவோடு தரை வீடுகள் கிடைத்தன. சாவி வாங்கிய அன்று அக்கா வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்று, தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கதவு திறந்த பிறகுதான் தன் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தார்.

அந்த வெற்றிக்குப் பின் அக்காவே மாநிலத் தலைவியானார். பல ஆண்டுகள் நன்றாகத்தான் நடத்தினார். ஒரு தேர்தலில் இளம்பெண் ஒருத்தி எதிர்த்து நின்று அவரைத் தோற்கடித்தாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நம்ம ஓட்டு முறை நல்லா வேல செய்யுது பாத்தீங்களா தம்பி! என்னையே தூக்கிருச்சு!"

அக்காவின் இறுதிச் சடங்குக்குப் பழைய தலைவரும் வந்திருந்தார். இப்போது கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் பேசிப் பல வருடமாகிறது. "நல்லது செய்றேன்னுதான் நெனச்சேன். கேக்கணும்னு தோணவே இல்ல. அங்கதான் போச்சு" என்றார். பிறகு, "அன்னிக்கு தனம் கதவத் திறந்து விடலேன்னா, நான் இன்னிக்கு இங்க வந்திருக்க முடியாது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைய மாநாட்டில் என் பதவி போகவில்லை. நான் இன்னும் செயலாளர்தான். போன வாரம் ஒரு தோட்டத்து மக்களுக்கு நிறுவனம் ஒரு திட்டம் அனுப்பியிருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. ஏற்றுக்கொள்ளலாம் என்றே நினைத்தேன். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு போய் லயத்தில் எல்லார் முன்னாலும் வரி வரியாகப் படித்தேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "இது எங்களுக்கு வேணாம்லா" என்றார். சுற்றிலும் எல்லாரும் தலையசைத்தார்கள். ஒரு கணம் எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்காக எவ்வளவு அலைந்தேன் என்று தோன்றியது. மக்களைக் கேட்காமல் முடிவெடுப்பதற்கு அந்தக் கோபம்தான் ஆரம்பம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் தனம் அக்கா. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

பேனாவை எடுத்து, அந்தத் தாளின் கீழே பெரிய எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதினேன்.